ஏர் ஃப்ளோ சென்சாரைக் கழற்றும் முன் நீ அறிய வேண்டியது

தம்பி,

பத்து நாட்களுக்கு முன் வெள்ளிமலையிலிருந்து நீ தொலைபேசியில் கேட்டது சிறிய கேள்வி. வேறு எந்தத் தகப்பனும் அதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பான். நான் சொல்லவில்லை. “கச்சிராயபாளையத்துலருந்து மலை ஏறறப்ப வண்டி இழுக்கவே மாட்டேங்குதுப்பா. இஞ்சின் லைட்டும் எரிஞ்சிக்கினே இருக்கு. கூட வேலை பாக்குறவரு மிஷின் மாட்டிப் பாத்தாரு, ஏர் ஃப்ளோ சென்சார்னு காட்டுது. அத வூட்லயே கழட்டி கிளீன் பண்ணலாமா?” என்று கேட்டாய். பக்கத்தில் மெக்கானிக் யாரும் இல்லையா என்றேன். “இருக்கான். யாரு தெரியுமா? சூசைராஜ். அம்மா விரல நசுக்கினானே, அவனேதான். ஜீப் நிக்கிற எடத்துல தகரக் கொட்டாய் போட்டுக்கினு உக்காந்திருக்கான். வண்டிய தள்ளிக்கினே போனாலும் போவேன், அவன்கிட்ட மட்டும் வுட மாட்டேன்” என்றாய். எதையும் தொடாதே, நான் எழுதுகிறேன் என்றேன். நீ சிரித்தாய். “இன்னாப்பா, இதுக்குமா எழுத்து மூலம்?”

ஆம், இதற்கும்தான். இக்கடிதத்தில் உன் கேள்விக்கு முழுமையான பதில் இருக்கிறது. ஆனால் அந்தப் பதிலை நான் எங்கிருந்து பெற்றேன் என்பதைச் சொல்லாமல் அதைத் தருவது முறையாகாது. ஒரு சாட்சி தனக்கு எப்படித் தெரிய வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று முப்பது ஆண்டுகள் நீதிமன்றத்தில் வாதாடியவன் நான். அந்த விதி எனக்கும் பொருந்தும்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் நீ கல்லூரி விடுமுறையில் வந்திருந்தபோது நாம் மூவரும் பெரியார் அருவிக்குப் புறப்பட்டது உனக்கு நினைவிருக்கும். மலைப்பாதையில் நான்கோ ஐந்தோ வளைவுகள் ஏறியதும் வண்டி முக்கியது, கரும்புகை கக்கியது, பிறகு அணைந்தது. கைப்பிரேக் முழுவதும் பிடிக்கவில்லை. வண்டி பின்னோக்கி நகர்ந்தது. பின்னால் ஒரு பேருந்து வந்துகொண்டிருந்தது. நான் பிரேக்கை மிதித்தபடி இருக்கையில் உறைந்திருந்தேன். உன் அம்மாதான் முதலில் குதித்தாள். சாலையோரத்துக் கல்லை எடுத்துச் சக்கரத்தின் அடியில் வைத்தாள். என் கால் ஒரு கணம் தளர்ந்தது. கல்லின் மேல் சக்கரம் ஏறியபோது அவளுடைய இரண்டு விரல்கள் இடையில் இருந்தன. இன்றுவரை ஆள்காட்டி விரல் அவளுக்கு முழுவதும் மடங்குவதில்லை. ஊசியில் நூல் கோக்க அடுத்த வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுகிறாள். அன்று நீ அவள் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டே மறுகையால் சூசைராஜைத் தொலைபேசியில் கூப்பிட்டாய். முந்தைய நாள்தான் வண்டி அவர் கடையிலிருந்து சர்வீஸ் முடிந்து வந்திருந்தது. “இன்னாய்யா வேல பாத்துக் குடுத்திருக்கிற? எங்கம்மா கை போச்சுய்யா!” என்று நீ கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. நான் உன்னைத் தடுக்கவில்லை.

தடுத்திருக்க வேண்டும். ஏனென்றால் அந்த வண்டியைப் பழுதாக்கியவன் நான்.

சர்வீஸுக்கு விடுவதற்கு முன்பே, ஒரு சனிக்கிழமை, நீயும் அம்மாவும் தியாகதுருகத்துக்கு ஒரு நிச்சயதார்த்தத்திற்குப் போயிருந்தீர்கள். வண்டியின் இழுவை குறைந்திருப்பதை நான் கவனித்திருந்தேன். யாரோ சொல்லக் கேட்டு, ஏர் ஃபில்டர் பெட்டியை அடுத்த குழாயிலிருந்த அந்தச் சென்சாரை நானே கழற்றினேன். எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்பதை அளந்து சொல்வது அதுதான். அந்த அளவைப் பார்த்தே எவ்வளவு எரிபொருள் விடுவதென்று வண்டி முடிவு செய்கிறது. உள்ளே முடியைப் போன்ற மெல்லிய கம்பி ஒன்று இருந்தது. அதில் கருப்பாக ஏதோ படிந்திருந்தது. வீட்டிலிருந்த கார்புரேட்டர் ஸ்பிரேயைப் பீய்ச்சினேன். போகவில்லை. உன் அம்மா காது துடைக்க வைத்திருக்கும் பஞ்சுக் குச்சியை எடுத்துத் தேய்த்தேன். ஏதோ மெல்ல வளைந்து கொடுத்தது போல் விரலில் உணர்ந்தேன். அந்த உணர்வை நான் அறிந்தேன், தம்பி. அறியவில்லை என்று சொல்ல மாட்டேன். திரும்ப மாட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, எவரிடமும் சொல்லாமல் திங்கட்கிழமை வண்டியைச் சூசைராஜிடம் ஆயில் மாற்ற அனுப்பினேன். ஊருக்குள் ஓட்டும் அளவிற்கு அது ஓடியது. மலையில்தான் கைவிட்டது.

இதுவரை நடந்தது ஒரு தவறு. தவறுக்கு மன்னிப்புண்டு. அடுத்து நான் செய்ததற்குச் சட்டத்தில் வேறு பெயர். உன் அம்மாவை மருத்துவமனையிலிருந்து அழைத்து வந்த மறுநாள், நீ என் எதிரில் நின்று, “அவன சும்மா வுடப் போறீங்களாப்பா? நீங்க வக்கீல்தானே?” என்று கேட்டாய். உண்மையைச் சொல்ல அந்த ஒரு வாசல் திறந்திருந்தது. நான் அதன் வழியே போகவில்லை, மேசைக்குப் போனேன். சூசைராஜுக்கு ஒரு சட்ட அறிவிப்பு எழுதினேன். என் வாழ்நாளில் எழுதிய அறிவிப்புகளில் நன்றாக அமைந்தவற்றுள் அதுவும் ஒன்று என்பதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அதில் நாளும் நேரமும் இடமும் காயமும் எல்லாமே உண்மை. ஒரே ஒரு வாக்கியம் பொய்: ‘தங்கள் வசம் ஒப்படைக்கப்பட்டபோது மேற்படி வாகனம் எவ்விதக் குறைபாடுமின்றி இருந்தது.’ அந்த ஒன்றை நீக்கினால் மற்றவை எதுவும் நிற்காது என்பது எனக்குத் தெரியும். எழுத்து மூலம் வருத்தம் தெரிவிக்க வேண்டும், இல்லையேல் வழக்கு என்று முடித்திருந்தேன்.

அவர் தெரிவித்தார். ஒரு வாரத்திற்குள், கோடு போட்ட தாளில், தன் கவனக்குறைவுக்கு வருந்துவதாக எழுதிக் கையெழுத்திட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். நான் அதைக் கோப்பில் வைத்ததோடு நிறுத்தியிருந்தால்கூடப் பாதகம் குறைவாக இருந்திருக்கும். நீதிமன்றத்திற்கு எதிரிலுள்ள டீக்கடையில் சொன்னேன். உதிரிபாகக் கடையில் சொன்னேன். வழக்கறிஞர் சங்கத்தில், கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் சொன்னேன். ஒரு தனியார் பள்ளியின் வேன்களை அவர்தான் பார்த்துவந்தார். அந்த வேன்களுக்குப் பொறுப்பாளர் என்னிடம் வழக்கு கொடுத்திருந்த கட்சிக்காரர். அவரிடமும் சொன்னேன். ஒரு பொய்யைப் பலமுறை சொன்னால் தவறைச் செய்தவன் தானல்ல என்று நம்பத் தொடங்கும் கோழைத்தனம் அது. வேன்கள் வேறு கடைக்குப் போயின. இரண்டு ஆண்டுகளில் கள்ளக்குறிச்சியில் அவர் கடையையும் மூடிவிட்டார். அவர் எங்கே போனார் என்று நான் விசாரிக்கவே இல்லை. நீ சொன்ன பிறகுதான் அறிந்தேன்.

நீ தொலைபேசியை வைத்த இரண்டாம் நாள் காலை நான் வெள்ளிமலைக்குப் பேருந்தில் வந்தேன். நீ அன்று ஏதோ கிராமத்தில் மாடுகளுக்குத் தடுப்பூசி போடப் போயிருந்தாய். உன்னைப் பார்க்காமலே திரும்பினேன் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். தகரக் கொட்டகையை எளிதாகவே கண்டுபிடித்தேன். சூசைராஜ் ஒரு ஜீப்பின் அடியில் படுத்திருந்தார்; கால்கள் மட்டும் தெரிந்தன. பக்கத்தில் மக்காச்சோளம் உலர்த்தியிருந்த சாக்கின் மேல் அவர் மனைவி மேரி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

“இன்னாங்க, எழுந்து வாங்க. வக்கீல் சார் வந்திருக்காரு. இன்னொரு நோட்டீஸு போல. இந்த வாட்டி கையிலயே குடுக்க வந்துட்டாரு, தபால் செலவு மிச்சம்” என்றார்.

சூசைராஜ் வெளியே வந்தார். தலை நரைத்திருக்கிறது. கையைத் துடைத்துக்கொண்டே, “வாங்க சார். அம்மா கை எப்பிடி இருக்குது?” என்றார். முதல் கேள்வி அதுதான். நான் ஊரில் ஒத்திகை பார்த்து வந்த வாக்கியங்கள் எல்லாம் அந்த இடத்திலேயே பயனற்றுப் போயின. நான்தான் அந்தச் சென்சாரைக் கெடுத்தேன் என்று மட்டும் சொன்னேன். ஜீப்புக்காகக் காத்திருந்த இருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

“தெரியும் சார்” என்றார் அவர்.

எப்படி என்றேன். “அன்னிக்கு வண்டிய கட்டி இழுத்தாந்து கழட்டறப்பவே பாத்தேன். கம்பி வளஞ்சி போயி, அதுல பஞ்சு நூலு சுத்திக்கினு இருந்துச்சு. எங்க கடையில பஞ்சே கிடையாது சார். பனியன் வேஸ்டு துணிதான். எந்த மெக்கானிக்கும் அதுல பஞ்சு வெக்க மாட்டான். வூட்ல இருக்கறவங்கதான் வெப்பாங்க.”

ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்டேன். அந்த நூல் ஒன்று போதும். எந்தக் குறுக்கு விசாரணையிலும் அவர் வென்றிருப்பார். பதில் மேரியிடமிருந்து வந்தது. “சொல்லி? கோர்ட்டுக்குத்தானே வரணும்? கோர்ட்டுல யாரு நிப்பாங்க, நீங்கதானே? எழுதிக் குடுத்துட்டா வுட்டுருவாங்கன்னு நாந்தாங்க சொன்னேன். எழுதினப்புறமும் வுடலியே நீங்க.” சூசைராஜ் அவரிடம், “சும்மா இரு புள்ள” என்றார். மேரி சும்மா இருக்கவில்லை. இருக்க வேண்டியதுமில்லை.

நான் பையைத் திறந்தேன். அறிவிப்பைத் திரும்பப் பெறுவதாகவும், பழுதுக்கு நானே காரணம் என்றும் ஒரு வாக்குமூலத்தை முறையாக எழுதி, கையெழுத்திட்டுக் கொண்டு சென்றிருந்தேன். அவர் அதை வாங்கவில்லை. “பேப்பரு வேணாம் சார். பேப்பரு எங்கிட்ட இருந்து இன்னா ஆவப்போவுது? நோட்டீஸ நான் ஒருத்தன்தான் படிச்சேன். ஊருக்கு நீங்க வாயாலதானே சொன்னீங்க? அந்த ஆளுங்ககிட்ட வாயாலயே சொல்லிடுங்க. போதும்” என்றார். பிறகு, அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது போல, “தம்பி வண்டி இழுக்கலியாமே? ஜீப்பு பசங்க சொன்னாங்க. என்கிட்ட வராது, தெரியும். வூட்லயே பண்ணலாம் சார். கைய வெக்காம இருந்தா போதும்” என்று தொடங்கி, ஜீப் வேலையை விட்டுவிட்டு அரை மணி நேரம் எனக்கு விளக்கினார். நான் ஜீப்பின் பானெட்டின் மேல் தாளை வைத்துக் குறித்துக்கொண்டேன். இனி வருவது அவருடையது; சொற்களும் எச்சரிக்கைகளும் மட்டுமே என்னுடையவை.

வண்டியைச் சமதளத்தில், நிழலில், திறந்த வெளியில் நிறுத்து. மூடிய கொட்டகையில் செய்யாதே. நீ பயன்படுத்தப் போகும் திரவம் எளிதில் தீப்பிடிக்கும். அருகில் பீடியோ அடுப்போ இருக்கக் கூடாது. சாவியை எடுத்துவிட்டு எஞ்சின் முழுவதும் குளிரும்வரை காத்திரு. சூடான பகுதியில் அந்த ஸ்பிரே படுவது ஆபத்து. கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் அணிந்துகொள்; மாட்டுக்கு ஊசி போட நீ வைத்திருக்கும் உறையே போதும். முதலில் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி, தானாக வந்து தொடாதபடி ஒதுக்கி வை. கழற்றும் முன் எது எங்கே இருந்தது என்று தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள். ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயில் சென்சார் இருக்கும். அதன் ஒயர் பிளக்கில் ஒரு சிறு பூட்டு உண்டு. அதை அழுத்தி, பிளக்கின் உடலைப் பிடித்து இழு. ஒயரைப் பிடித்து ஒருபோதும் இழுக்காதே. பிறகு இரண்டு திருகுகள். அவற்றின் தலை நட்சத்திர வடிவில் இருக்கும். அதற்குரிய திருப்புளி இல்லாமல் வேறொன்றை வைத்து முயன்றால் தலை வழுக்கிவிடும். இல்லையென்றால் அன்றைக்கு வேலையை ஒத்திவை. ஒத்திவைப்பதில் இழுக்கில்லை என்பதை என் தொழில் எனக்குக் கற்பித்திருக்கிறது.

சென்சாரை நேராக, மெதுவாக வெளியே எடு. பிளாஸ்டிக் பகுதியை மட்டும் பிடி. உள்ளே உள்ள கம்பியையோ, சில சென்சார்களில் இருக்கும் மெல்லிய தகட்டையோ எதுவும் தொடக் கூடாது. விரலும் துணியும் பிரஷ்ஷும் பஞ்சும் எல்லாம் அதற்குப் பகை. ஏர் ஃப்ளோ சென்சாருக்கென்றே டப்பாவில் அச்சிட்டிருக்கும் ஸ்பிரேயை மட்டும் பயன்படுத்து. கார்புரேட்டர் ஸ்பிரே, பிரேக் ஸ்பிரே, பெட்ரோல், தின்னர் எதுவும் வேண்டாம். அவை சென்சாரைக் கெடுக்கும். ஒரு சாண் தொலைவிலிருந்து, டப்பாவின் குழல் நுனி உள்ளே படாமல், விட்டுவிட்டுப் பத்துப் பன்னிரண்டு முறை பீய்ச்சு. அழுக்கு தானாகக் கரைந்து வடியும். வடியவில்லை என்றால் தேய்க்கத் தோன்றும். அந்த இடத்தில்தான் நான் தவறினேன், நீ நிறுத்திக்கொள். வாயால் ஊதாதே. காற்றடிக்கும் கம்ப்ரசரைக் கிட்டவே கொண்டுவராதே. அதன் வேகத்தில் கம்பி அறுந்துவிடும். சுத்தமான இடத்தில் வைத்து, ஒரு மணி நேரமாவது தானாக உலரவிடு. ஈரத்தோடு மாட்டி மின்சாரம் கொடுக்காதே.

மாட்டும்போது ரப்பர் வளையம் மடங்காமல் இருக்கிறதா என்று பார். குழாயோடு சேர்த்துக் கழற்றியிருந்தால் அதன் மேல் அம்புக்குறி உண்டு. அது எஞ்சினை நோக்கியிருக்க வேண்டும். பிளக் ‘டக்’ என்று பூட்ட வேண்டும். பேட்டரியை மாட்டி, வண்டியைச் சற்று நேரம் நின்றபடியே ஓடவிடு. விளக்கு அணையவில்லை என்றால் உன்னுடன் வேலை பார்ப்பவரின் கருவியால் பழுதுக் குறியீட்டை அழித்துப் பார். மீண்டும் எரிந்தால், குற்றம் சென்சாரில் இல்லாமலும் இருக்கலாம். குழாயில் எங்காவது வெடிப்பிருந்து காற்று திருட்டுத்தனமாக நுழையலாம். ஃபில்டரையும் மாற்று; மலைப் புழுதியில் ஓடும் வண்டிக்கு அதுதான் முதற்காரணம் என்கிறார் சூசைராஜ். முதலில் ஊருக்குள் சமதளத்தில் ஓட்டிப் பார். இழுவை உறுதியான பிறகே மலைப்பாதை. மீதமுள்ள டப்பாவை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுவைக்காதே.

அன்று திரும்பி வந்ததும், அவர் கேட்டதைச் செய்யத் தொடங்கினேன். முதலில் உன் அம்மாவிடம். சமையலறையில் நின்றபடியே சொன்னேன். அவள் கேட்டு முடித்துவிட்டு, “அன்னிக்கு ஆஸ்பத்திரில என் மூஞ்சிய நீங்க ஏன் ஏறிட்டே பாக்கலன்னு இப்பதான் புரியுது” என்றாள். அதன்பின் இந்த எட்டு நாட்களாகத் தேவைக்கு மட்டுமே பேசுகிறாள். அவளிடம் நான் எதையும் கோரவில்லை. டீக்கடையில் சொன்னேன். உதிரிபாகக் கடைக்காரர், “இப்ப சொல்லி இன்னா சார் ஆவப்போவுது? அந்தாளு கடையே பூடுச்சே” என்றார். வழக்கறிஞர் சங்கத்தில் என்னைவிட இளையவர் ஒருவர், “பதினோரு வருசம் லேட்டு சார். லிமிட்டேஷன் கெடு தாண்டிடுச்சு, தள்ளுபடி!” என்று சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நானும் நின்று கேட்டுக்கொண்டேன். அந்தச் சிரிப்பு எனக்கு உரியதே. பள்ளி வேன்களின் பொறுப்பாளர் சிரிக்கவில்லை. “நீங்க சொன்னதாலதாங்க நான் அவர வுட்டேன்” என்றார். தானே மலைக்குப் போய் அவரைப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். போவாரா என்பது எனக்குத் தெரியாது. தெரியாததை உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

இனி ஒருவர்தான் மீதி. நீ. நான் சொல்லிக் கேட்டவர்களில் அதிகம் நம்பியவன் நீ. அந்த மனிதரை இன்றும் ‘அவன்’ என்று சொல்பவன் நீ. அந்தச் சொல்லை உன் வாயில் வைத்தவன் நான். உன்னிடம் சொல்லத் தொலைபேசியை எடுத்து மூன்று முறை வைத்துவிட்டேன். அதனால்தான் எழுதத் துணிந்தேன். ஆனால் எழுதி முடித்து முதலிலிருந்து படித்துப் பார்க்கும்போது இது எனக்கு எவ்வளவு வசதியாக இருக்கிறது என்பது தெரிகிறது. தாளில் என்னால் எந்த உண்மையையும் ஒழுங்காக நிறுத்த முடிகிறது. உன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. சூசைராஜ் கேட்டது இதையல்ல.

ஆகவே இக்கடிதம் உனக்கு முன்கூட்டிய தகவல் மட்டுமே. ஞாயிற்றுக்கிழமை முதல் பேருந்தில் வருகிறேன். உன் குடியிருப்புக்கு வர மாட்டேன். நேராக அந்தக் கொட்டகைக்குப் போவேன். நீ வண்டியைக் கொண்டுவந்தாலும் சரி, கொண்டுவராவிட்டாலும் சரி. சென்சாரை நீயே சுத்தம் செய்வதும் அவரிடம் விடுவதும் உன் முடிவு. ஆனால் நீ கட்டாயம் வா. அவரும் மேரியும் ஜீப்புக்குக் காத்திருப்பவர்களும் கேட்கும்படி, இதையெல்லாம் உன்னிடம் என் வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்பா